அண்டை வீட்டாரும் ஆகார ஒழுக்கமும்





இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது சாப்பாட்டுப் பேச்சு. தொழுகையைப் பற்றியும் ஜக்காத்தைப் பற்றியும் சொல்லவேண்டிய இடத்தில் சோற்றைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் புன்னகைக்கலாம். தொழுகை நாளொன்றுக்கு ஐந்து வேளை. ஊண் மூன்று வேளை. காப்பிக்கடைப் பழக்கமுள்ளவர்க்கு அதுவும் ஐந்து வேளைதான்! பள்ளிவாசலில் நாம் நிற்கும்போது நம்மோடு நிற்பவர்கள் நம்மவர்கள். உணவு வேளையிலோ நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பிறர். இஸ்லாம் இன்னதென்று பக்கத்து வீட்டுச் சீனர் நமது ஸுஜூதைப் பார்த்தா தெரிந்துகொள்கிறார்? அவர் நீட்டிய தட்டை நாம் எப்படி மறுக்கின்றோம் என்பதைப் பார்த்தன்றோ தெரிந்துகொள்கிறார்!

நாம் குடியிருக்கும் ஊர் எத்தகையது என்பதைச் சற்று நினைத்துப் பார்ப்போம். ஈப்போ நகரை அடுத்து, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்தது குனோங் ராபாட். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தின்போது, 1950-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களிலும் ஈயச் சுரங்கங்களின் அருகிலும் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து கம்பி வேலிக்குள் குடியமர்த்தினார்கள். நாடெங்கும் அவ்வாறு எழுந்த புதுக்கிராமங்கள் ஏறத்தாழ 480. குடிபெயர்க்கப்பட்ட மக்கள் சுமார் 5 லட்சம். அந்தப் புதுக்கிராமங்களுள் குனோங் ராபாட்டும் ஒன்று. குன்றுகளின் குகைகளுக்குள் அவர்களுடைய கோவில்கள் இருக்கின்றன. தெருவில் நடந்தால் ஹியோங் பியா என்னும் மணப்பலகாரம் வேகும் வாசனை வருகிறது. பேச்சு காண்டனீஸ். தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்தவர்களின் வழிவந்த நாம் இவர்களுக்கிடையே சில வீடுகள்தாம். சிறுபான்மையிலும் சிறுபான்மை என்று சொன்னால் மிகையாகாது.

நாம் இவ்வூருக்குக் குடிவந்தது 1987-ஆம் ஆண்டு. அடுத்த வீட்டில் ஒரு சீன மூதாட்டி இருந்தார். பிள்ளைகள் அவரைப் 'போபோ' என்று அழைப்பார்கள். பாட்டி என்பது அதன் பொருள். நாமும் அவ்வாறே அழைத்தோம். அவர் நம்மைக் காணும்போதெல்லாம் கேட்கும் முதற் கேள்வி, "செக் ச்சோ ஃபான் மேய்?" என்பதே. சோறு உண்டாயிற்றா என்று அர்த்தம். ஆரம்பத்தில் இது நமக்கு வேடிக்கையாகத் தோன்றிற்று. காலை பத்து மணிக்கும் கேட்கிறார், மாலை நான்கு மணிக்கும் கேட்கிறாரே என்று வீட்டில் பேசிச் சிரித்தோம். பின்னர்தான், நமது ஊரில் வாசற்படி ஏறியவரை "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் நம் தாய்மார்களின் குரல் நினைவுக்கு வந்தது. இஸ்லாத்தில் சிறந்த செயல் எதுவென்று ஒருவர் வினவியபோது, பசித்தவர்க்கு உணவளிப்பதும், அறிந்தவர் அறியாதவர் இருசாரார்க்கும் ஸலாம் சொல்வதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். உணவும் முகமனும் அங்கே ஒரே விடையில் வருகின்றன. இந்த மூதாட்டியிடம் அவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன.

அவர் சோற்றை மதித்த விதத்தையும் சொல்லவேண்டும். பேரப்பிள்ளைகள் கிண்ணத்தில் ஒரு பருக்கையை மிச்சம் வைத்தாலும் விடமாட்டார். மிச்சம் வைக்கும் ஒவ்வொரு பருக்கையும் நாளை நீ மணக்கப்போகிறவரின் முகத்தில் ஒரு தழும்பாகும் என்று பயமுறுத்துவார். சீனர் வீடுகளில் வழிவழியாகச் சொல்லிவரும் பேச்சு அது. ஆனால் அவருடைய கண்டிப்பின் காரணம் வேறு என்பதைப் பின்னர் அவர் வாயாலேயே கேட்டோம். அவசரகாலத்தில் அவர் சிறுமி. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேராமல் தடுக்க, வேலிக்கு வெளியே ஒரு கவளச் சோற்றையும் கொண்டுபோக விடவில்லை. விடியற்காலையில் பால்வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். மிதிவண்டியின் குழாய்க்குள்ளும் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவருடைய தகப்பனார் நடுப்பகல் வரை வெறும் வயிற்றோடு மரம் வெட்டிவிட்டு வந்துதான் உண்பாராம். அவ்வாறு வளர்ந்தவர் பருக்கையை எண்ணுவதில் வியப்பென்ன? கீழே விழுந்த கவளத்தை எடுத்துத் தூசி துடைத்து உண்ணுங்கள், ஷைத்தானுக்கு விட்டுவிடாதீர்கள் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நமது கல்யாண வீடுகளின் குப்பைத்தொட்டிகளைப் பார்த்தால் அந்தப் பாடத்தை நாம் எவ்வளவு நினைவில் வைத்திருக்கின்றோம் என்பது விளங்கும். இதை இத்துடன் விட்டுவிடுவோம்.

இனி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகின்றோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லாமல் மேலே போவதற்கில்லை.

1988-ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டின்போது போபோ நம் வீட்டுக்கு வந்தார். இரண்டு ஆரஞ்சுப் பழங்களும் ஒரு தகர டப்பா நிறைய ஹியோங் பியாவும் இரு கைகளாலும் ஏந்தி நீட்டினார். சீனர் எதையும் ஒற்றைக் கையால் கொடுப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹியோங் பியா என்பது வெளியே மெல்லிய ஓடும் உள்ளே இனிப்புப் பாகுமாக அடுப்பில் சுடும் பலகாரம். பழைய முறையில் அதன் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். அந்த டப்பாவைக் கண்டதும் நாம் இரண்டடி பின்வாங்கி, முகத்தைச் சுளித்து, "சீ! ஹராம்!" என்றோம். வேறு யாரோ சொன்னார்கள் என்று எழுதிவிடலாம்; ஆனால் அந்தச் சொல் நமது வாயிலிருந்துதான் வந்தது. தமிழ் அவருக்குத் தெரியாது என்பது நமது தைரியம். 'ஹராம்' என்னும் சொல் மலாயிலும் உண்டு என்பதும், ஐம்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டிக்கு முகச்சுளிப்பை மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை என்பதும் அந்நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அவர் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆரஞ்சுப் பழங்களை மட்டும் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு பல வாரங்கள் நமது வாசலில் "செக் ச்சோ ஃபான் மேய்?" என்ற குரல் கேட்கவில்லை.

சகோதரர்களே! அந்தப் பலகாரத்தை நாம் உண்ணாதது சரியே. அதில் ஐயமில்லை. அல்மாயிதா என்னும் ஐந்தாவது அத்தியாயத்தில் தானாகச் செத்ததையும், இரத்தத்தையும், பன்றியின் மாமிசத்தையும், அல்லாஹ் அல்லாத பெயர் சொல்லி அறுக்கப்பட்டதையும் இறைவன் விலக்கியிருக்கிறான். அல்மாயிதா என்றால் உணவு விரித்த விரிப்பு என்று பொருள். விலக்கப்பட்டவற்றைப் பற்றிய கட்டளை, விருந்து விரிப்பின் பெயர் தாங்கிய அத்தியாயத்திலேயே வந்திருப்பது சிந்திக்கற்பாலது. ஆகவே மனிதருக்குச் சங்கடமாக இருக்குமென்று விலக்கப்பட்டதை வாயில் இடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் விலக்கப்பட்டது பலகாரம், கொண்டுவந்தவர் விலக்கப்பட்டவரா? 'உண்ணமாட்டேன்' என்பது மார்க்கம். 'சீ' என்பது எந்த மார்க்கம்?

நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்ததாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. இதற்கு ஓர் உதாரணமும் உண்டு. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு வைக்கப்பட்டது. நாயகம் அவர்கள் நீட்டிய கையை எடுத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள், இது விலக்கப்பட்டதா என்று வினவினார்கள். இல்லை, தம் கூட்டத்தாரின் நாட்டில் இது இல்லை, ஆதலால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்று மறுமொழி கிடைத்தது. காலித் அவர்கள் அதை எடுத்து உண்டார்கள்; நாயகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாருங்கள், எவ்வளவு அழகிய மறுப்பு! முகச்சுளிப்பு இல்லை, உண்பவரை இழிவு செய்யும் பேச்சு இல்லை. நம் ஊரில் பழக்கமில்லை என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது.

நம்மவரிடம் ஒரு பெரும் குழப்பம் இருக்கிறது. மார்க்கம் விலக்கியதையும், நம் நாக்குக்குப் பழகாததையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிவிடுகின்றோம். சோயா மொச்சையிலிருந்து செய்யும் தௌஃபூவில் என்ன ஹராம் இருக்கிறது? முளைகட்டிய பயற்றில்? சர்க்கரையிடாத தேநீரில்? அவற்றையும் 'சீனன் சாப்பாடு' என்று ஒதுக்குகின்றோம். குச்சிகளால் உண்பது பிற மதத்தாரைப் பின்பற்றுவதாகும் என்று ஒரு சகோதரர் நம்மிடம் வாதாடினார். சீன தேசத்தில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் ஹூய் முஸ்லிம்கள் அந்தக் குச்சிகளாலேதான் நோன்பு திறக்கிறார்கள், பெருநாள் விருந்தும் உண்கிறார்கள். அவர்களுடைய கடைகளில் 'சிங்சென்' என்று எழுதியிருக்கும். தூய்மையானது, உண்மையானது என்பது அதன் பொருள். நாம் ஹலால் என்று சொல்லுமிடத்தில் அவர்கள் அவ்வாறு எழுதுகிறார்கள். குச்சியில் ஹராம் இல்லை சகோதரரே, குச்சி எதைப் பிடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

சீனர் வட்ட மேசையைச் சுற்றி அமர்வார்கள். கறி வகைகள் நடுவில். சோறு அவரவர் கிண்ணத்தில். இளையவர்கள் வாய் திறந்து ஒவ்வொரு மூத்தவரையும் முறைப்படி விளித்து, உண்ணுங்கள் என்று அழைத்த பிறகே குச்சியை எடுக்கவேண்டும். நல்ல குடும்பத்துப் பிள்ளை தன் பக்கத்தில் இருப்பதை எடுக்குமேயன்றி, நடுத்தட்டைக் கிளறி நல்ல துண்டைத் தேடாது. இதைக் கண்டபோது நமக்குக் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நடக்கும் சஹன் சாப்பாடு நினைவுக்கு வந்தது. உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்ற சிறுவர் நாயகம் அவர்களின் வளர்ப்பில் இருந்தவர். தட்டின் எல்லாப் பக்கமும் அவர் கை அலைந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தன் அருகில் உள்ளதை எடுக்கவும் அவருக்கு அன்புடன் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அச்சிறுவர் அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் அவ்வாறே உண்டதாகத் தாமே கூறினார். நாம் இன்று நமது பிள்ளைகளுக்கு மூன்றில் எத்தனையைச் சொல்லிக்கொடுக்கின்றோம்? (ஒரு வேற்றுமையையும் சொல்லவேண்டும். சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளை நட்டு நிறுத்தாதீர்கள். இறந்தவர்க்கு ஊதுபத்தி நாட்டுவதுபோல் இருப்பதால் சீனர் அதைப் பெரிய அமங்கலமாகக் கருதுவர். தெரியாமல் செய்து நாம் ஒருமுறை ஒரு மேசையையே மௌனமாக்கினோம்.)

அயல்நாட்டு உணவைக் கண்டு நாம்தாம் முதன்முதலில் தடுமாறினோம் என்பதல்ல. 14-ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இப்னு பதூதா சீன தேசத்துக்குப் போனார். பன்றி இறைச்சியும் நாய் இறைச்சியும் கடைவீதிகளில் விற்கப்படுவதைக் கண்டு மனம் நொந்தார். வெளியே போனால் தகாத காட்சிகளைக் காணவேண்டியிருக்கிறதே என்று வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததாகவும், முஸ்லிம் ஒருவரைக் கண்டால் சொந்தபந்தத்தைக் கண்டதுபோல் மகிழ்ந்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். அங்குள்ள கோழிகள் மிகப் பெரியவை என்றும், ஒன்றை வாங்கிச் சமைக்கப் போனபோது ஒரு பானை போதாமல் இரண்டு பானைகளில் இடவேண்டியதாயிற்று என்றும் அவரே குறிப்பிடுகிறார். கோழியளவில் மட்டும் அவருக்குச் சமாதானம் ஏற்பட்டது போலும்! அவர் வழிப்போக்கர். வீட்டுக்குள் கிடந்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். நாம் குடியிருப்பவர்கள். நமக்கு அது ஆகுமா?

மற்றொருவர் எழுதியது நமக்கு அதைவிட அதிகமாகப் பயன்படும். மிங் மன்னர் காலத்தில், 1405 முதல் 1433 வரை, செங் ஹோ என்ற முஸ்லிம் கடற்படைத் தலைவர் பெருங் கப்பல்களுடன் மலாக்காவுக்கும், இலங்கைக்கும், மலையாளக் கரைக்கும் வந்தார். அவருடன் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மா ஹுவான் என்னும் சீன முஸ்லிம். அவர் எழுதிய 'யிங்யா ஷெங்லான்' என்ற நூலில் கோழிக்கோட்டைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அந்நாட்டு அரசர் மாட்டிறைச்சி உண்ணாதவர். அங்குள்ள முஸ்லிம் தலைவர்கள் பன்றி இறைச்சி உண்ணாதவர்கள். ஆதியில் இருந்த அரசர் ஒருவர் முஸ்லிம்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டாராம்: அவர்கள் விலக்கியதை இவர்கள் மதிப்பது, இவர்கள் விலக்கியதை அவர்கள் மதிப்பது என்று. தம் காலம்வரை அது காப்பாற்றப்பட்டு வந்ததாக மா ஹுவான் குறித்திருக்கிறார். சீனத்து முஸ்லிம் ஒருவர், நம் தேசத்து இந்துக்களையும் முஸ்லிம்களையும் பற்றி, ஒரு சோற்றுத் தட்டைச் சாட்சியாக வைத்து எழுதிய இச்செய்தியைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். ஏனென்றால் அப்போதுதான் நமது வீட்டில் வேறொரு செய்தி வெளியாகியிருந்தது.

அதைச் சொல்வதற்கு 1988-க்கே திரும்பவேண்டும். டப்பாவைத் திருப்பிய பிறகு நமக்கு உறக்கமில்லை. இல்லத்தாரும் நாமும் ஒரு மாலை போபோவின் வீட்டுக்குப் போனோம். தெரிந்த பசார் மலாயில், பன்றிக் கொழுப்பு எங்களுக்கு ஆகாது, அதற்காக நாங்கள் அப்படிப் பேசியது தவறு, மன்னிக்கவேண்டும் என்றோம். அவர் "தாக் ஆபா, தாக் ஆபா" என்றார். பரவாயில்லை என்று பொருள். மறுவாரம் ஒரு புதிய கெண்டியும் ஆறு புதிய கோப்பைகளும் வாங்கிவந்து, இவை உங்களுக்கு மட்டும் என்று தனி அலமாரியில் வைத்தார். தேநீர் கொடுத்தார். உரித்த ஆரஞ்சு கொடுத்தார். முன்னோர்க்குப் படைத்த பண்டங்களை அவர் ஒருநாளும் நம்மிடம் நீட்டியதில்லை. அது எங்களுக்கு ஆகாது என்று ஒருமுறைதான் சொன்னோம்.

நாமும் நன்றிக்கடன் செலுத்தவேண்டுமே! அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பானி மாட்டிறைச்சியில் சால்னா ஆக்கி, நல்ல பீங்கான் கிண்ணத்தில் நிறைத்து நமது மகனிடம் கொடுத்தனுப்பினோம். போபோ இரு கைகளாலும் வாங்கி, முகர்ந்து பார்த்து, நல்ல மணம் என்று சொன்னாராம். கிண்ணத்தைக் கழுவி, அதில் சீனி நிரப்பித் திருப்பியனுப்பினார். வெறும் பாத்திரத்தைத் திருப்பாதது நமது வழக்கம் மட்டுமன்று என்று கண்டு மகிழ்ந்தோம். ஆண்டுதோறும் அனுப்பினோம். பதினோரு ஆண்டுகள்.

பன்னிரண்டாவது ஆண்டில் அவருடைய மருமகள் தயங்கித் தயங்கி இல்லத்தாரிடம் உண்மையைச் சொன்னார். போபோ குவான்யின் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டவர். அத்தகைய பக்தர்கள் மாட்டிறைச்சி உண்ணமாட்டார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் எந்த இறைச்சியும் தொடமாட்டார்கள். சிறுமியாக இருந்த நாள் முதல் போபோ மாட்டிறைச்சியை வாயில் வைத்ததில்லை. நாம் அனுப்பிய சால்னாவை ஒவ்வோர் ஆண்டும் தெருமுனைப் பட்டறையில் வேலை செய்த மலாய்க்காரப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தைச் சீனியோடு அனுப்பியிருக்கிறார். நமக்குச் சொல்லக்கூடாது என்று வீட்டாருக்கும் கட்டளை.

நாம் ஒரே ஒரு டப்பாவுக்கு 'சீ' என்றோம். அவர் பதினொரு கிண்ணங்களுக்கு "நல்ல மணம்" என்றார்.

உணவைக் குறை கூறாத நபிவழியை நாம் மிம்பரில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்; கலிமாச் சொல்லாத ஒரு மூதாட்டி அடுத்த வீட்டில் அதை நடத்திக்கொண்டிருந்தார். நமது பிழை இரட்டைப் பிழை. முதலில், நமக்கு விலக்கு இருப்பது தெரியாமல் கொடுத்தார் என்று அவரிடம் சினந்தோம். பிறகு, அவருக்கு விலக்கு இருக்குமோ என்று நாம் ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை. மார்க்க விலக்கு என்பது உலகத்தில் நமக்கு மட்டுமே உண்டு என்ற எண்ணந்தான் இதற்குக் காரணம்.

அந்நிஸா அத்தியாயத்தில் உறவினரான அண்டை வீட்டார்க்கும், அந்நியரான அண்டை வீட்டார்க்கும் நன்மை செய்யும்படி கட்டளை இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களின் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர் மீண்டும் கேட்டார். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) இடைவிடாது வற்புறுத்தியதை நாயகம் சொல்லக் கேட்டவர் அவர். நாம் அந்த ஹதீஸைப் படித்துத்தான் கிண்ணம் அனுப்பினோம். கொடுப்பது மட்டும் கடமையன்று, பெறுகிறவருக்கு உகந்ததைக் கொடுப்பதே கொடை என்பது நமக்கு எட்டவில்லை.

இனி, இவ்வூரில் நம் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் சில ஐயங்கள்.

சீனர் வீட்டுப் பாத்திரத்தில் உண்ணலாமா? இதே கேள்வியை அபூ ஸஃலபா (ரலி) அவர்கள் நாயகத்திடம் கேட்டார்கள். வேதக்காரர்களின் ஊரில் குடியிருக்கிறோம், அவர்கள் அப்பாத்திரங்களில் பன்றி சமைக்கிறார்கள், மதுவும் அருந்துகிறார்கள் என்று சொன்னார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணும்படியும், கிடைக்காவிட்டால் கழுவிக்கொண்டு உண்ணும்படியும் விடை வந்தது. அந்த ஊரைவிட்டே போய்விடுங்கள் என்று விடை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கழுவும் முறையில் மத்ஹபுகளுக்கிடையே வேற்றுமை உண்டு. ஷாஃபி மத்ஹபில் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து, கழுவவேண்டும். இந்நாட்டில் நடைமுறையும் அதுவே. நம்முள் ஹனஃபிகளான இராவுத்தர்களுக்குச் சட்டம் இதைவிட இலகு. இதை வைத்து ஒருவரையொருவர் குறை சொல்ல வேண்டியதில்லை.

'பன்றி இறைச்சி இல்லை' என்று பலகை வைத்த கடையில் உண்ணலாமா? அந்தப் பலகை வேறு, ஹலால் முத்திரை வேறு. பன்றி இல்லாவிட்டாலும், கோழியை யார் அறுத்தது, எப்பெயர் சொல்லி அறுத்தது என்ற கேள்வி நிற்கிறது. சீனச் சமையலில் அரிசி மதுவும் ஊற்றுவார்கள். அவற்றுள் பெயர்போனது ஷாவ்ஷிங் மது. நாம் மேலே சொன்ன மா ஹுவானின் சொந்த ஊரும் அதே ஷாவ்ஷிங்தான்! மது மணக்கும் ஊரில் பிறந்தும் ஒருவர் முஸ்லிமாக வாழ முடிந்திருக்கிறது. ஆகையால் ஜாக்கிம் முத்திரையைப் பாருங்கள், ஐயமானால் கேளுங்கள், தெளிவு வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஹியோங் பியாவிலும் இன்று தாவரக் கொழுப்பில் செய்வோர் இருக்கிறார்கள். டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படிக்கச் சோம்பலென்ன?

சேர்ந்து உட்காரவே கூடாதா? ஈப்போ நகரில் யாங் கால்சோம் சாலையில் யோங் சுவான் என்று சீனப் பெயர் தாங்கிய காப்பிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நம்மவர் கைப்பக்குவமான நாசி கண்டாரை உண்ணப் பல பத்தாண்டுகளாகச் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வரிசையில் நிற்கிறார்கள். ஹலால் அங்கே யாருக்கும் வேலியாக இல்லை. ஆனால் மதுக்கோப்பை சுற்றிவரும் விருந்து மேசை வேறு. அங்கே 'யாம் செங்' என்று கூவி எழும்போது, முன்னதாகவே வாழ்த்துச் சொல்லி விடைபெற்றுவிடுவது நலம். அழைத்தவரிடம் காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் வருந்துவதில்லை என்பது நமது அனுபவம்.

மருமகள் உண்மையைச் சொன்ன நாள் முதல், நம் வீட்டிலிருந்து மாட்டிறைச்சி அந்த வாசலுக்குப் போகவில்லை. ரமளானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வாங்கி வரும்போது, சீன நாட்காட்டியைப் பார்த்து, முதல் நாளோ பதினைந்தாம் நாளோ ஆனால், வீட்டில் இறைச்சி சேர்க்காமல் தனியாகக் காய்ச்சி அனுப்பினோம். நமது மகன் அந்த நாட்காட்டியைச் சமையற்கட்டில் மாட்டிவைத்தான். வந்த விருந்தினர் சிலர் இதென்ன சீனர் நாட்காட்டி என்று முகம் சுளித்ததுண்டு. போபோ கஞ்சியை உண்டார். வெந்தயம் சற்று அதிகம் என்று ஒருமுறை சொல்லியனுப்பினார். அவர் நமது சமையலில் குறை சொன்னது அந்த ஒருமுறைதான். நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. இப்போதுதானே உண்கிறார்!

2014-ஆம் ஆண்டு அவர் காலமானார். வீட்டு வாசலில் கூடாரம் போட்டு வட்ட மேசைகள் இட்டிருந்தார்கள். வறுத்த வேர்க்கடலையும் மிட்டாயும் எல்லா மேசைகளிலும் இருந்தன. அவர்களுடைய சடங்குகளில் கலந்துகொள்ளாமல் ஓரமாக நின்றோம். மூத்த மகன் வந்து கைபிடித்து ஒரு தனி மேசைக்கு அழைத்துப் போனார். அதில் புது விரிப்பு, முத்திரையிட்ட செவ்வந்தித் தேநீர்ப் பொட்டலங்கள், பிரிக்காத பிஸ்கோத்து, ஹலால் அடையாளம் மேலே தெரியும்படி அடுக்கியிருந்தது. தாயார் படுக்கையில் இருந்தபோதே சொல்லிவைத்ததாம்.

நாற்பத்தொன்பது நாள் கழித்துப் பேத்தி நம் வீட்டுக்கு வந்தாள். கையில் சிவப்புத் துணியில் பொதிந்த ஒரு பொருள். நமது பீங்கான் கிண்ணம். கடைசி ரமளானில் கஞ்சி அனுப்பியது. திருப்பியனுப்பும் நிலையில் அவர் இருக்கவில்லை. வேறெதுவும் அதில் பட்டுவிடக்கூடாதென்று கழுவித் துணியில் கட்டி, அந்த ஆறு கோப்பைகளுள்ள அலமாரியில் வைத்திருந்தாராம். அவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே சீனி இருந்தது.

அந்தப் பேத்தி இப்போது அதே வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு எல்லா இறைச்சியும் ஆகும், மாடு தவிர. கேட்டுத் தெரிந்துகொண்டோம்.